சாக்கு எடை ஏன் மெட்ராஸ்ல இருக்கு?

ஒரு கணக்கோட ஆரம்பிக்கிறேன். அரியலூர்ல ஒரே வீட்டுல இருந்தவங்களுக்கு 12 வருஷத்துல நாலு தடவை மாவட்டம் மாறியிருக்கு. 1995-ல திருச்சியிலிருந்து பிரிஞ்ச பெரம்பலூர் மாவட்டத்துக்குள்ள போனாங்க. 2001-ல அரியலூர் தனி மாவட்டம். 2002-ல திரும்ப பெரம்பலூரோட சேர்த்தாச்சு. 2007 நவம்பர்ல மறுபடியும் தனி. மாவட்டப் பேரை ப்ரோக்ராமுக்குள்ளயே எழுதி வெச்சவர் பாடு என்னவாகியிருக்கும்!

நானும் அப்படி எழுதின ஆள்தான். என்னை மாட்டிவிட்டது மாவட்டம் இல்ல, சாக்கு.

பெரம்பலூர் பக்கம் எங்க மாமா மக்காச்சோளம் வாங்கி விக்கிறாரு. எடைச் சீட்டு போட பைத்தான்ல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். மூட்டைக்கு 1 கிலோ சாக்கு எடை கழிக்கணும். அந்த 1-ஐ கோடுக்குள்ளயே போட்டுட்டேன். அப்புறம் சணல் சாக்கு போய் பிளாஸ்டிக் சாக்கு வந்துச்சு. 200 கிராம் கழிச்சா போதும். மாமா போன் பண்ணாரு. "ஞாயித்துக்கிழமை வந்து மாத்தித் தரேன்"னு சென்னையிலிருந்து சொன்னேன்.

அந்த நாலு நாளும் பழைய கழிவுதான் போச்சு. 40 மூட்டை கொண்டுவந்த ஒரு அம்மா, சீட்டுக்குப் பின்னாடியே கணக்குப் போட்டு 32 கிலோ குறையுதுன்னு காட்டியிருக்காங்க. மாமா கைக்காசைக் கொடுத்துட்டு என்கிட்ட ஒண்ணுதான் கேட்டாரு: "மாப்ள, சாக்கு என் கடையில இருக்கு. அதோட எடை ஏன் மெட்ராஸ்ல இருக்கு?"

அன்னைக்குத்தான் கான்ஃபிக் ஃபைல் எதுக்குன்னு புரிஞ்சுது. கடையில மாறக்கூடியது எல்லாம் கடைக்காரர் கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும். சாக்கு கழிவு, ஏத்துக்கூலி, கடைப் பேர், மாவட்டம் எல்லாத்தையும் ஒரு ஐஎன்ஐ ஃபைலுக்கு மாத்தினேன். கணக்குப் போடுற சூத்திரம் மட்டும் கோடுலயே இருக்கு. ஜேசான் வேணாம்னு விட்டுட்டேன். அதுல ஒரு கமா விட்டாலே படிக்காது, குறிப்பு எழுதவும் இடமில்ல. ஐஎன்ஐ-ல # போட்டு "இது கிலோ கணக்கு"ன்னு தமிழ்லயே எழுதலாம். படிக்க பைத்தானோட கூடவே வர்ற கான்ஃபிக்பார்ஸர் போதும்.

ஆனா மூணு இடத்துல அடி வாங்கினேன். கடையில இருந்தது பழைய நோட்பேட். யுடிஎஃப்-8-ல சேவ் பண்ணா ஃபைலுக்கு முன்னாடி கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைச் சேர்த்துடும். முதல் வரியே தப்புன்னு ப்ரோக்ராம் நின்னுடுச்சு. திறக்கும்போது என்கோடிங்கை 'யுடிஎஃப்-8-சிக்'னு கொடுத்ததும் சரியாச்சு.

அடுத்து, சீட்டு அடியில அச்சாக "ஈரப்பதம் 14%-க்குள் இருக்கணும்"னு மாமா ஒரு வரி சேர்த்தாரு. கான்ஃபிக்பார்ஸருக்கு % ஒரு விசேஷக் குறி, அதனால மறுபடி நின்னுச்சு. 'இன்டர்பொலேஷன்' வசதியை நிறுத்தினதும் ஓடுச்சு.

மூணாவதுதான் பயமா இருந்துச்சு. 0.2-க்கு பதிலா ஒருநாள் 02-னு அடிச்சுட்டாரு. ப்ரோக்ராம் எந்தப் புகாரும் சொல்லாம அதை 2 கிலோன்னு எடுத்துக்கும். நல்லவேளை, முதல் சீட்டுலயே கண்டுபிடிச்சுட்டாரு. இப்போ 1.5-க்கு மேல போனா சீட்டே வராது. "சாக்கு கழிவு 2 கிலோன்னு இருக்கு, பாருங்க"ன்னு தமிழ்ல கேக்கும். பைத்தானோட எர்ரரை அப்படியே மாமா முன்னாடி கொட்டினா அவருக்கு என்ன புரியும்?

இன்னொண்ணு: ப்ரோக்ராம் அந்த ஃபைலைப் படிக்க மட்டும்தான் செய்யும். கான்ஃபிக்பார்ஸர் மூலமா திரும்ப எழுதினா, மாமா எழுதி வெச்ச குறிப்பெல்லாம் அழிஞ்சுடும்.

கடைசியா ஒரு வரி சேர்த்தேன். ஒவ்வொரு சீட்டுலயும் "சாக்கு கழிவு: மூட்டைக்கு 0.2 கிலோ"ன்னு அச்சாகும். எண்ணை மாத்துற உரிமை மாமாகிட்ட இருக்குன்னா, அதைப் பாக்குற உரிமை மூட்டை கொண்டுவர்றவங்களுக்கும் இருக்கணுமில்லயா?

இப்போ அரியலூர்ல மாமாவோட நண்பர் ஒருத்தரும் இதே ஸ்கிரிப்ட்டைத்தான் ஓட்டுறாரு. மாவட்டத்தை அவரே மாத்திக்கிட்டாரு. எனக்கு போன் வரல.