முதலில் ஓட்டையை அடைப்போம், பிறகு சாயம் பூசுவோம்



'பழையதைப் பழுது பார்ப்பதா, எடைக்குப் போடுவதா?' என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசியவர்கள் பழைய வீட்டைப் பற்றியும் பழைய உறவுகளைப் பற்றியும் அழகாகப் பேசினார்கள். நான் ஒரு பழைய படகைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். அதில் நான் செய்த ஒரு பெரிய தவற்றையும் ஒளிக்காமல் சொல்லப் போகிறேன்.

ஈப்போவில் எங்கள் வீட்டு மாமரத்தடியில் 12 அடி நீளமுள்ள அலுமினியப் படகு ஒன்று ஒன்பது ஆண்டுகளாகக் கவிழ்ந்து கிடந்தது. அது என் அப்பாவின் படகு. அவர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி வளர்ந்தவர். ரப்பர் காடு செம்பனைக் காடாக மாறியபோது பட்டணத்துக்குக் குடிவந்தார். வாரத்தில் ஆறு நாள் வேலை. ஏழாவது நாள் அந்தப் படகோடு பத்துகாஜா பக்கம் கிளம்பிவிடுவார், ஈயக்குட்டையில் தோமான் பிடிக்க.

ஈயக்குட்டை எப்படி வந்தது என்பதை இளைஞர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகிலேயே வளமான ஈய வயல்களில் ஒன்று. 1985ஆம் ஆண்டு அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தோண்டிய பள்ளங்களில் நீர் நின்றது. இன்று அவற்றில் மீன் வளர்க்கிறார்கள், வாத்து வளர்க்கிறார்கள், தூண்டிலும் போடுகிறார்கள். பார்க்க ஏரி போல அமைதியாக இருக்கும். ஆனால் கரையிலிருந்து நான்கு அடி வைத்தால் திடீரென்று ஆழம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா காலமான பிறகு படகை யாரும் தொடவில்லை. 'சூராட் காபார் லாமா' என்று ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வருகிற லாரிக்காரர் வாசலில் நின்று ஒவ்வொரு முறையும் அதையே பார்ப்பார். "எடைக்குப் போடுங்கள், நல்ல விலை தருகிறேன்" என்பார். அம்மாவும் ஒருநாள் சரி என்று சொல்லிவிட்டார். நான்தான் தடுத்தேன். "இதை நானே புதுசாக்கிக் காட்டுகிறேன்" என்று வீரமாகச் சொன்னேன்.

ஒப்பனை போட்ட படகு

நான் தொலைக்காட்சியில் வேலை செய்கிறவள். கேமராவுக்கு முன் நிற்பதற்கு முன்னால் முகத்துக்கு ஒப்பனை போட்டுப் பழகிய கை இது. படகுக்கும் அதையேதான் செய்தேன். இரும்புப் பஞ்சு வாங்கித் தேய் தேய் என்று தேய்த்தேன். ஹார்ட்வேர் கடையில் வீட்டுக்கு அடிக்கிற நீலச் சாயம் வாங்கி இரண்டு கை அடித்தேன். படகு பளபள என்று ஆகிவிட்டது. அக்கம்பக்கத்தார் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காள் மகனை ஏற்றிக்கொண்டு அப்பா போன அதே குட்டைக்குப் போனேன். அவனுக்கு 11 வயது. உயிர்காப்புச் சட்டை இரண்டு வாங்கியிருந்தேன். இரண்டும் காரிலேயே கிடந்தன. "கரையோரமாகத்தானே சுற்றப் போகிறோம்" என்ற எண்ணம்.

பத்து நிமிடம் இருக்கும். "சித்தி, கால் நனையுது" என்றான். குனிந்து பார்த்தால் கணுக்கால் வரை தண்ணீர். துடுப்பைப் போட்டுவிட்டுக் கையால் வாரி இறைக்கிறேன். இறைக்க இறைக்க ஏறுகிறது. கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் சத்தம் கேட்டு ஓடி வந்து, நீண்ட மூங்கில் ஒன்றை நீட்டினார்கள். அதைப் பிடித்துக் கரை சேர்ந்தோம். கரைக்கும் எங்களுக்கும் இடையே பத்து அடிதான். அந்தப் பத்து அடி இருபதாக இருந்திருந்தால் இன்று இந்த மேடையில் நின்று பேச எனக்கு மனம் வந்திருக்காது.

அன்று இரவு அக்காள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

பெரியப்பா சொன்ன வைத்தியம்

மறுநாள் என் பெரியப்பா வந்தார். அவர் தோட்டத்து ஸ்டோரில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். பால் வாளிக்குப் பிடி போடுவது முதல் காண்டா கம்புக்குக் கொக்கி அடிப்பது வரை எல்லாம் அவர் கைவேலைதான். படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏம்மா, தண்ணி எங்கே வழியா உள்ளே வந்துச்சுன்னு பார்த்தியா?"

"பார்க்கலை பெரியப்பா."

"அப்போ தண்ணியை உள்ளே ஊத்து. அதுவே வழி காட்டும்."

இதுதான் முதல் பாடம். படகை நிமிர்த்தி, ஆடாமல் கட்டைகளின் மேல் சமமாக நிறுத்தினோம். குழாயைப் போட்டு உள்ளே நான்கு அங்குலம் தண்ணீர் விட்டோம். அதற்கு மேல் விடக்கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. நிறைய ஊற்றினால் படகின் வயிறே பிதுங்கிவிடும். பிறகு கீழே குனிந்து, எங்கெங்கே சொட்டுகிறது என்று மெழுகுக் கலர்க்குச்சியால் வட்டம் போட்டோம். பென்சிலால் குறிக்கக் கூடாது. பென்சிலில் உள்ள கிராஃபைட் ஈரத்தோடு சேர்ந்தால் அந்த இடத்திலேயே அலுமினியத்தை அரிக்கும்.

17 வட்டம் விழுந்தது. ஏறக்குறைய எல்லாமே ரிவெட் ஆணிகளின் தலையில். இந்த வகைப் படகு தகடுகளை ஆணியடித்து இணைத்துச் செய்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அமெரிக்காவின் கிரம்மன் விமான நிறுவனம், விமானத் தகடுகளை இணைத்த அதே முறையில் அலுமினியப் படகுகளைச் செய்ய ஆரம்பித்தது. தகடு நன்றாகத்தான் இருக்கும். ஆண்டுக்கணக்கில் அலையிலும் லாரிப் பயணத்திலும் குலுங்கிக் குலுங்கி ஆணிதான் தளர்ந்துபோகும்.

தளர்ந்த ஆணியை இறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒரு பக்கம் கனமான இரும்புக் கட்டியை ஆணித் தலையில் அழுத்திப் பிடிக்க, மற்றவர் மறுபக்கம் சுத்தியலால் அளவாகத் தட்ட வேண்டும். எழுபதைத் தாண்டிய பெரியப்பா தட்ட, நான் கட்டியைப் பிடித்தேன். தேய்ந்துபோன ஆணிகளைத் துளைத்து எடுத்துவிட்டுப் புதிய அலுமினிய ஆணி போட்டோம். போடுவதற்கு முன் துளையில் படகுக்கென்று விற்கும் பாலியூரித்தேன் பசையைத் தடவினோம். கை நுழையாத இடத்தில் 'பாப் ரிவெட்' போடலாம். ஆனால் முனை மூடிய வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். சாதாரண வகையின் நடுவில் துளை இருக்கும். அதுவே அடுத்த ஓட்டை ஆகிவிடும்.

துருப்பிடிக்காது, ஆனால் கெட்டுப்போகும்

படகின் முனையில் அப்பா நங்கூரக் கயிறு கட்டப் பித்தளைக் கொக்கி ஒன்று மாட்டியிருந்தார். அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் தூள். பெரியப்பா கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது!

அலுமினியம் இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. காற்றுப் பட்டவுடன் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டாகி அதைக் காக்கிறது. ஆனால் செம்போ பித்தளையோ பக்கத்தில் இருந்து, இடையில் ஈரமும் இருந்தால், அது ஒரு சின்ன பேட்டரி ஆகிவிடுகிறது. கரைவது அலுமினியம். உப்பு நீரில் இது இன்னும் வேகமாக நடக்கும். லூமுட், பங்கோர் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாசி பிடிக்காமல் இருக்க அடிக்கும் சாயங்களில் செம்பு கலந்தவை உண்டு. அவை அலுமினியப் படகுக்கு ஆகாது. வெண்கலப் பூச்சுள்ள பழைய ஒரு சென் காசு படகின் அடியில் விழுந்து ஈரத்தில் கிடந்தால் கூட, அந்த இடத்தில் அரிப்புத் தொடங்கிவிடலாம்.

இதைக் கேட்டுப் பெரியப்பா சிரித்தார். "ஸ்டோர்லயும் இதே கதைதான்மா. செம்பு, பித்தளைச் சாமான் எதையும் பாலுக்குக் கிட்டே விடமாட்டாங்க" என்றார். உண்மைதான். செம்பு கலந்தால் ரப்பர் சீக்கிரம் கெட்டுப் பிசுபிசுத்துப் போகும். பால் உறைய வைக்கும் தொட்டிகளில் அலுமினியத் தகடுகளைப் பயன்படுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம். இதைத் தெரிந்துகொள்ளப் பெரியப்பா கல்லூரிக்குப் போகவில்லை. முப்பது ஆண்டு ஸ்டோரில் நின்று தெரிந்துகொண்டார். அவரிடம் நான் இதற்கு முன் ஒரு கேள்வி கூடக் கேட்டதில்லை.

கொக்கி இருந்த இடத்தை வெட்டி, அதே வகை அலுமினியத் தகட்டால் ஒட்டுப் போட்டோம். புதுக் கொக்கி எவர்சில்வர். அதற்கும் தகட்டுக்கும் நடுவே நைலான் வளையம் வைத்தோம்.

அடுத்தது பின்பலகை. மோட்டார் தொங்குகிற இடம் அது. வெளியே பார்க்க ஒழுங்காக இருந்தது. திருப்புளியால் குத்தினால் புட்டு மாதிரி உதிர்ந்தது. அப்படியே மோட்டாரை மாட்டியிருந்தால் ஒருநாள் மோட்டார் பலகையோடு குட்டைக்குள் போயிருக்கும். அட்டையில் அளவெடுத்து, மரைன் பிளைவுட்டில் அறுத்து, ஓரமெல்லாம் எப்பாக்சி பூசி மாற்றினோம். பூச்சி அரிக்காமல் இருக்கச் செம்பு மருந்து ஏற்றிய பலகைகள் கிடைக்கும். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும், அதை வாங்காதீர்கள்.

பிறகு இருக்கைகளுக்கு அடியில் இருக்கும் ஃபோம். படகில் தண்ணீர் நிறைந்தாலும் அது மூழ்கிவிடாமல் தாங்குவது இதுதான். எங்கள் படகில் அது ஈரம் குடித்துக் கல்லாகக் கனத்தது. அன்று எங்களைத் தாங்க வேண்டியதே எங்களைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நீர் உறிஞ்சாத வகையை வாங்கி அடைத்தோம்.

மறுபடியும் நான்கு அங்குலம் தண்ணீர் ஊற்றினோம். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். ஒரு சொட்டு இல்லை. அப்போதுதான் பெரியப்பா, "இப்ப உன் சாயத்தை எடுத்துக்கிட்டு வா" என்றார்.

அதையும் முறையாகச் செய்தோம். நான் இரும்புப் பஞ்சால் தேய்த்த இடமெல்லாம் பழுப்புப் புள்ளிகள் வந்திருந்தன. தகட்டில் சிக்கிய இரும்புத் துகள் துருப்பிடித்திருந்தது. பழைய சாயத்தில் காரீயம் இருக்கக்கூடும் என்பதால் முகமூடி போட்டு, தூள் பறக்காமல் நீர் விட்டுத் தேய்த்தோம். எண்ணெய்ப் பசை போகக் கழுவி, அலுமினியத்துக்கென்று உள்ள முதல் பூச்சைக் காலம் தாழ்த்தாமல் அடித்து, அதன் மேல்தான் சாயம். முதல் முறை அடித்த சாயம் இரண்டே வாரத்தில் தோல் உரிந்தது. இரண்டாவது முறை அடித்தது இன்னும் அப்படியே இருக்கிறது.

எடைக்குப் போடுவது பாவமா?

பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். அலுமினியத்தை உருக்கி மறுபடியும் பயன்படுத்தலாம். மண்ணிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் சக்தியில் சுமார் 5 விழுக்காடுதான் அதற்குச் செலவாகும். தகடு முழுக்க அரித்துப்போய், நடுவில் ஓடும் முதுகெலும்பும் உடைந்திருந்தால் தாராளமாக எடைக்குப் போடுங்கள். அரைகுறையாகப் பழுது பார்த்த படகை விட எடைக்குப் போன படகு ஆபத்தில்லாதது.

ஆனால் அந்த முடிவை, உள்ளே தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகு எடுங்கள். நம் பேராவிலேயே இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. தஞ்சோங் துவாலாங் சாலையில் நிற்கும் ஈயம் வாரும் கப்பலைப் பார்த்திருப்பீர்கள். 1938இல் கட்டப்பட்டது, எடை 4,500 டன். 1980களின் தொடக்கம் வரை உழைத்து ஓய்ந்தது. அதன் அடிமிதவையில் கசிவு ஏற்பட்டுச் சாயத் தொடங்கியபோது, இரும்பு விலைக்குப் போய்விடும் என்று நினைத்தவர்கள் உண்டு. கசிவை அடைத்து, சாய்வை நிமிர்த்தி, அதன் பிறகே பொதுமக்கள் ஏறிப் பார்க்கும் இடமாக்கினார்கள். கப்பல் பெரிது, எங்கள் படகு சிறிது. வேலையின் வரிசை ஒன்றுதான்.

நேயர்களே, நம் வீடுகளிலும் சங்கங்களிலும் கூட நாம் முதலில் வாங்குவது சாயம்தான். பெயர்ப்பலகையை மாற்றுகிறோம், ஆண்டுவிழா எடுக்கிறோம், படம் பிடித்துக்கொள்கிறோம். தண்ணீர் எங்கே வழியாக உள்ளே வருகிறது என்று குனிந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை. அதைப் பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் தோட்டத்தை விட்டு வந்து, பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் தொலைக்காட்சி முன் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது இந்த நிகழ்ச்சியையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் அமர்ந்து ஒரு கேள்வி கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

சென்ற மாதம் படகை மறுபடியும் அதே குட்டையில் இறக்கினோம். அக்காள் மகன் வர மறுப்பான் என்று நினைத்தேன். எனக்கு முன்பே உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு காரில் ஏறிவிட்டான். கரையில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்து, "சித்தி, உங்க சட்டை எங்கே?" என்று கேட்டான். நான் அதைப் போட்டுக்கொண்ட பிறகுதான் படகில் கால் வைத்தான்.