முதல் தோசை யாருக்கு?

(நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



ஆண்டுதோறும் இம்மேடையில் புலவர் பெருமக்கள் இலக்கியம் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு செயலாளர் அவர்கள் எங்களைப் பேசப் பணித்தபோது திகைத்தோம். எங்களுக்குத் தெரிந்த இலக்கியம் துணிக்கடைக் கணக்கும் அடுப்பங்கரைக் கணக்குமே. "தெரிந்ததைப் பேசுங்கள்" என்றார் செயலாளர். நாங்கள் இருவரும் மூன்று ஆண்டுகளாக மாதம் ஒருமுறை வெளியூர் சென்று உணவுச்சாலையில் உண்டு வருகிறோம் என்பதை இக்குடியிருப்பு முழுவதும் அறியும். அது குறித்துக் குழாயடியில் நடந்துவரும் ஆராய்ச்சியை நாங்களும் அறிவோம். ஆராய்ச்சியாளர்களுக்குச் சான்று குறைந்துவிடக் கூடாதே என்று அதையே பொருளாகக் கொண்டோம்.

இவ்வுரையை இருவரும் சேர்ந்தே எழுதினோம். படிப்பவர் ஒருவர் என்பதால் அவர் கருத்து மட்டுமே இதில் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். எங்களுள் ஒருவரைக் கணவர் என்றும் மற்றவரை மனைவி என்றும் குறிக்கிறோம். எங்கே மனைவியின் சொல் வருகிறதோ அங்கே அவரே எழுதிய வாக்கியந்தான் வருகிறது.

நெல்லைச் சீமையிலிருந்து நாங்கள் ஒற்றசேகரமங்கலம் வந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. கணவர் நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதினார். கடை அடைத்து, கடைசிப் பேருந்தைப் பிடித்து வீடு சேர இரவு ஒன்பதரை ஆகும். அந்நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்துச் சுடச்சுடத் தோசை வார்ப்பது வழக்கம். முதலில் கணவர் உண்பார். மாமியார் இருந்தவரை அவருக்கு அடுத்தது. பிள்ளைகள் இருவரும் பாதி உறக்கத்தில் எழுந்து வந்து ஆளுக்கு ஒன்று கேட்பர். மெல்லியதாய், ஓரம் சிவந்து முறுகிய தோசைகளெல்லாம் இவ்வாறு போய்விடும். அடுப்புத் தணிந்தபின், பாத்திரத்தில் ஒட்டிய மாவை வழித்து ஊற்றினால் தடித்த தோசை ஒன்று வரும். அது மனைவியின் பங்கு. அதையும் அவர் அமர்ந்து உண்டதைக் கணவர் கண்டதில்லை. அவர் அப்போது உறங்கப் போயிருப்பார்.

இதில் எவரும் எவரையும் கொடுமை செய்யவில்லை. நம் குடியிருப்பில் பெரும்பாலான வீடுகளில் இதுவே முறை. நாட்டு முறை என்பதனாலேயே நாங்கள் அதைக் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை.

முதன்முதலாக இருவரும் சேர்ந்து உணவுச்சாலையில் அமர்ந்தது மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்த்தான். மனைவிக்குக் கண்ணில் புரை. திருவனந்தபுரத்தில் மருத்துவரிடம் காட்டிவிட்டு வெளியே வரும்போது மணி இரண்டு. பொட்டலம் கட்டிக் கொண்டுபோன எலுமிச்சைச் சோறு காத்திருந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது. மலையாள நண்பர்கள் 'ஆனவண்டி' என்று செல்லமாக அழைக்கும் அரசுப் பேருந்தைப் பிடிக்கத் தம்பானூர் வந்தோம். நிலையத்தின் அருகே செங்கல்லால் சுற்றிச் சுற்றி எழுந்த ஒரு கட்டடம் தெரிந்தது. இந்தியன் காபி ஹவுஸ் என்று பெயர்.

அக்கட்டடத்தைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. இங்கிலாந்தில் பிறந்து, இந்நாட்டுக்கு வந்து, திருவனந்தபுரத்திலேயே வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்தது அது. உள்ளே மாடி என்று தனியே இல்லை. தரையே சரிந்து சரிந்து சுழன்று மேலே ஏறுகிறது. ஏறும் வழியில் வெளிச்சுவரை ஒட்டி மேசையும் இருக்கையும் கட்டுமானமாகவே இருக்கின்றன. சுவரில் விட்ட சிறு துளைகள் வழியே வெளிச்சமும் காற்றும் வருகின்றன. "இது என்ன, நத்தை ஓட்டுக்குள் நுழைந்தாற்போல் இருக்கிறதே" என்றார் மனைவி. முழங்கால் வலிக்காரர்கள் கீழ்ச்சுற்றிலேயே அமர்வது நலம் என்பது எங்கள் அனுபவம்.

இவ்வுணவுச்சாலைகளின் வரலாறும் சுவையானது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியக் காப்பியைப் பரப்புவதற்காகக் காபிச்சாலைகள் தொடங்கப்பட்டன. 1936-இல் பம்பாயில் முதலாவது. பின்னர்க் காபி வாரியம் அவற்றை நடத்தியது. 1950-களின் இடையில் வாரியம் அவற்றை மூட முடிவு செய்ய, தொழிலாளர் பலர் வேலை இழந்து தெருவில் நின்றனர். தலைவர் ஏ. கே. கோபாலன் அவர்களை ஒன்றுதிரட்டி, "நீங்களே நடத்துங்கள்" என்று ஊக்கினார். 1957-இல் பெங்களூரில் முதல் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 1958-இல் திருச்சூரில் கேரளத்தின் முதற்கடை திறந்தது. தட்டு ஏந்தி வருபவரும் அச்சங்கத்தில் பங்குடையவர். விசிறி மடிப்புத் தலைப்பாகையும் வெள்ளுடையுமாக அவர்கள் வரும்போது, கவர்னர் மாளிகைச் சேவகர் போலத் தோன்றினாலும், நடையில் சேவகரின் கூச்சம் இல்லாமைக்குக் காரணம் அதுதான் போலும்.

அத்தகைய முதியவர் ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார். கணவர் தமக்கு மசாலா தோசையும் காப்பியும் சொன்னார். முதியவர் அகலவில்லை. மனைவியின் பக்கம் திரும்பி, "அம்மய்க்கு எந்தா வேண்டது?" என்றார்.

மனைவி கணவரைப் பார்த்தார். கணவர் சுவரைப் பார்த்தார். "அவங்களுக்கு என்னவோ அதுதான் எனக்கும்" என்று தமிழில் விடை வந்தது. முதியவர் எல்லைப்புறத்தாரோ என்னவோ, தமிழிலேயே, "அது அவருக்கு, அம்மா. உங்களுக்கு?" என்று மறுபடி கேட்டுவிட்டு, எழுதுகோலைப் பிடித்தபடி நின்றார். பின்மேசைக்காரர் இருமினார். கடைசியில், "ஒரு காப்பி" என்று மட்டும் சொல்லி மனைவி தலைகுனிந்தார்.

மனைவி எழுதிய வாக்கியம் இது: "நாற்பது ஆண்டாக மற்றவர்களிடம் நான் கேட்டுவந்த கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்டதும், எனக்கு விடை தெரியவில்லை என்பது தெரிந்தது. பசி இருந்தது. ஆனால் எது வேண்டும் என்பது தெரியவில்லை."

தோசை வந்தது. கணவர் பிட்டதும் மனைவி பதறிவிட்டார். உள்ளே கிழங்கு செக்கச்செவேலென்று இருந்தது. அவ்வுணவுச்சாலையில் மசாலாவிலும் கட்லட்டிலும் பீட்ரூட் சேர்ப்பது வழக்கம் என்பது எங்களுக்குத் தெரியாது. நம்மூர் மஞ்சள் மசாலாவை எதிர்பார்த்துச் செல்வோர் இதனை நினைவிற் கொள்க. இனிப்பும் காரமும் கலந்த அச்சுவை கணவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. மனைவிக்கு அன்றே பிடித்துவிட்டது. ஆனால் அன்று அவர் உண்டது கணவர் தட்டின் ஓரத்தில் ஒதுக்கியதைத்தான்.

அடுத்த மாதம் மறுபடியும் மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. பேருந்தில் மனைவி பேசவேயில்லை. கண்ணைப் பற்றிய கவலை என்று கணவர் நினைத்தார். காபி ஹவுஸில் அமர்ந்ததும், யாரும் கேட்பதற்கு முன்னரே, "எனக்கு ஒரு தோசை, தம்பி. நன்றாக முறுகலாக, மெல்லிசாக" என்றார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருக்கிறார்!

கணவருக்கு வியப்பு. "உனக்குத் தடித்த தோசைதானே பிடிக்கும்?" என்று கேட்டார். மெய்யாகவே அவர் அப்படி நம்பியிருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகளாக அதையே உண்டவருக்கு அதுதான் விருப்பம் என்பது கணக்கெழுதுபவரின் தருக்கம். மனைவி சிரித்தார், விடை சொல்லவில்லை. முறுகிய தோசையின் ஓரத்தை ஒடித்து, வாயிலிட்டு, ஓசை கேட்கும்படி கடித்தார். அவ்வோசை கணவரை உறுத்தியதுபோல் எந்தப் பழிச்சொல்லும் உறுத்தியிராது என்று இவ்விடத்தில் அவர் எழுதினார். மிகைப்படுத்துகிறார் என்பது மனைவியின் கருத்து. இரண்டையும் பதிந்துவிட்டோம்.

அதன்பின் ஒரே பெயரில் பல ஊர்களில் கிளைவிட்ட உணவுச்சாலைகளையே நாடினோம். காரணம் எளிது. ஓரிடத்துக்குப் போய்ப் பழகிவிட்டால் எங்கும் பழகியது போலத்தான். கொல்லத்திலும் அதே கோப்பை, திருச்சூரிலும் அதே கட்லட். வேற்றூர்ப் பெண்ணொருத்தி எங்கே அமர்வது, எப்படிக் கேட்பது என்று கூச வேண்டியதில்லை. இலண்டனில் 1894-இல் பிக்காடிலித் தெருவில் லயன்ஸ் என்னும் நிறுவனத்தார் தேநீர்ச்சாலை ஒன்றைத் திறந்தனர். பின்னர் ஊரெங்கும் அதே பெயரில் கிளைகள் எழுந்தன. அக்கடைகள் இன்று இல்லை. ஆனால் ஆண் துணையின்றி ஒரு பெண் அமர்ந்து மதிப்போடு உண்ணத்தக்க இடங்களாக அவை விளங்கின என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். நம் பக்கத்துப் பழைய உணவு விடுதிகளில் பெண்டிர்க்கென்று திரைபோட்ட 'குடும்ப அறை' இருந்ததை மூத்தோர் நினைவுகூரலாம். காற்றும் வராது, பரிமாறுபவரும் வரமாட்டார்.

உண்ணுமிடம் என்பது நம் நாட்டில் என்றுமே சிறிய செய்தியாக இருந்ததில்லை. சாமித்தோப்பில் வைகுண்டசுவாமி எல்லாச் சாதியாரையும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கவும் ஒரே பந்தியில் அமரவும் செய்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில். 1917-இல் செறாயியில் சகோதரன் ஐயப்பன் புலையருடன் கூடி உண்ணும் விருந்தை நடத்தினார். அதற்காகச் சொந்த மக்களே அவரைப் 'புலையன் ஐயப்பன்' என்று இகழ, அவர் அதனைப் பட்டமாக ஏற்றார். 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில், ஓர் உணவு விடுதியின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கப் பெரியார் தொண்டர்கள் பல மாதங்கள் மறியல் செய்து சிறை சென்றனர். இவையெல்லாம் ஊர்ப் பந்தியில் யார் யாரோடு அமர்வது என்பது பற்றியவை. வீட்டுப் பந்தியில் யார் எப்போது அமர்வது என்பதற்கு மறியல் செய்தவர் உண்டா என்று மனைவி கேட்கிறார். கணவர் தேடிக் கொண்டிருக்கிறார்.

எல்லா இடமும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில், பொரித்த கோழிக்குப் பெயர்போன கிளை உணவகம் ஒன்றில் பேரன் சொல்கேட்டு நுழைந்தோம். பெயர் வேண்டா. அமர்ந்து இருபது நிமிடம் காத்திருந்தோம், யாரும் வரவில்லை. பின்னர்த்தான் தெரிந்தது, அங்கே ஆள் உயரத்தில் நிற்கும் கண்ணாடித் திரையைத் தொட்டுத்தான் வேண்டுவதைச் சொல்ல வேண்டுமாம். பணத்தையும் முன்னரே கட்ட வேண்டுமாம். உணவையும் நாமே எடுத்துவந்து, தட்டையும் நாமே குப்பையில் கொட்ட வேண்டுமாம். "இதைத்தான் நான் வீட்டில் செய்கிறேனே, இதற்கு எதற்குக் காசு?" என்றார் மனைவி. கோழி நன்றாகவே இருந்தது என்பதையும் நடுநிலை கருதிச் சொல்கிறோம்.

பாறசாலை வழியே களியக்காவிளை எல்லையைத் தாண்டி நாகர்கோவிலுக்கும் போனோம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தோடு சேர, தமிழர் கேட்ட வட்டங்களுள் ஒன்றாகிய நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அவ்வரலாறு இவ்வவைக்குப் புதிதன்று. அங்கே சைவ உணவகம் ஒன்றில் வாழையிலையில் சோறு விழுந்ததும், பெருங்காயம் மணக்கும் சாம்பாரின் முதல் கவளத்தில் மனைவியின் கண் கலங்கியது. தாய்வீட்டு நினைவு என்று கணவர் முடிவு கட்டினார். "இல்லை, மிளகாய்" என்றார் மனைவி. இத்தனை ஆண்டில் தேங்காய் மணக்கும் இவ்வூர்க் குழம்புக்கும் செம்பாவரிசிச் சோற்றுக்கும் அவர் நாக்கு பழகிவிட்டது. நெல்லைக்காரர் என்று இனிச் சொல்லிக்கொள்ளலாமா என்று இருவரும் பேருந்தில் வழக்காடிக்கொண்டே திரும்பினோம். வழக்கு இன்னும் தீரவில்லை.

குழாயடிக் கேள்விகளுக்கும் விடை சொல்லிவிடுகிறோம். "வீட்டில் சோறில்லையா?" என்பது முதற்கேள்வி. உண்டு. "இந்த வயதில் இது என்ன கோலம்?" என்பது இரண்டாவது. வேறு எந்த வயதில் முடிந்தது, சொல்லுங்கள்! மூன்றாவது கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதில்லை. ஒரு மாலை, பக்கத்து வீட்டு அம்மையார் வேலியருகே நின்று, மனைவியிடம் மட்டும் மெதுவாகக் கேட்டார்: "நீங்கள் உண்ணும்போது அவர் எதிரே உட்கார்ந்தே இருப்பாரா? எழுந்து போகமாட்டாரா?"

எங்கள் வீட்டில் இப்போது தோசைக்கல் இரண்டு. அடுப்பிலும் இரண்டு எரிவாய். ஒன்றில் மனைவி வார்க்கிறார், மற்றதில் கணவர். கணவர் வார்ப்பது இன்னும் கல்லை விட்டு எழ மறுக்கிறது; வெங்காயத்தைப் பாதியாக வெட்டிக் கல்லில் தேய்க்க வேண்டும் என்பதைப் போன மாதந்தான் கற்றார். ஆயினும் இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் நிரம்புகின்றன. கிழிந்த தோசை யாருடைய கல்லிலிருந்து வந்ததோ அவருக்கே என்பது உடன்படிக்கை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் தம்பானூர் போகிறோம். பக்கத்து வீட்டாரும், எதிர்வரிசையில் இரண்டு இணையரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் மனைவியிடம் பெயர் கொடுக்கலாம். பேருந்து காலை ஒன்பது மணிக்கு. கட்டணம் அவரவருடையது.