களாச்செடி நடத்திய பாடம்

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில தாவரவியல் நடத்துறேன். எங்க வளாகத்துக்குப் பின்னால 2 ஏக்கர் சீமைக்கருவேலம் இருந்தது. ஜேசிபி வைத்து மொத்தமா வழித்துவிட்டு, வேம்பும் புங்கமும் வரிசையா நட்டோம். போட்டோவும் எடுத்துக்கிட்டோம்.

அடுத்த கோடையில பாதிக் கன்று கருகிப்போச்சு. மண்ணுக்குள்ள தங்கின அடிக்கட்டையிலிருந்து கருவேலம் மறுபடி துளிர்த்தது. அப்போ ஒரு மாணவி கேட்டாங்க: "சார், அழிக்கிறதுக்கு முன்னாடி அங்க என்னென்ன இருந்ததுன்னு எண்ணினோமா?"

எண்ணலை.

வேலியோரம் தப்பியிருந்த புதர்ல, 5 மீட்டர் சதுரமா கயிறு கட்டி எண்ண ஆரம்பித்தோம். கருவேலத்துக்கு அடியிலேயே களா, காரை, சூரை முளைத்திருந்தன. எல்லாம் இந்தக் கடற்கரைச் சமவெளியின் பழைய புதர்க்காட்டுச் செடிகள். சின்னான்கள் பழத்தைத் தின்று, கருவேலக் கிளையில் உட்கார்ந்து, எச்சத்தில் விதைத்தவை. நாங்க வழித்தெடுத்ததுக்குள்ளேயும் அந்தக் காடு இருந்திருக்கும்.

இப்போ கருவேலத்தைக் கொஞ்சம் கொஞ்சமா, கையால, வேரோடு எடுக்கிறோம். கீழே இருக்கிற நாற்றைத் தொடுறதில்லை. இந்த வருஷம் களா காய்த்திருக்கு.

உங்க கல்லூரியில மரம் நடப்போறீங்களா? கடப்பாரைக்கு முன்னாடி ஒரு நோட்டை எடுத்துக்கிட்டுப் போங்க.