வாயுவிலிருந்து பெற்றோல்

1979ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில் நியூசிலாந்தில் ஒரு புதுமையான சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெற்றோல் வண்டி வைத்திருப்போர் வாரத்தில் ஒரு நாள் அதனை வீட்டிலேயே நிறுத்திவைத்தல் வேண்டும். எந்த நாள் என்பதை அவரவரே தெரிந்தெடுத்து, அதை அறிவிக்கும் சீட்டை வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு வண்டி உடையோருக்கு இதனால் பெரிய இடைஞ்சல் இருக்கவில்லை என்பது வேறு கதை. ஈரானில் எழுந்த புரட்சியைத் தொடர்ந்து உலகெங்கும் எண்ணெய் விலை ஏறியதே இச்சட்டத்துக்குக் காரணம்.

விந்தை யாதெனில், அந்நாட்டின் தரனாக்கிக் கரைக்கு அப்பால், கடலடியில், 1969இல் கண்டுபிடிக்கப்பட்ட மாவுயி வயலில் இயற்கை வாயு ஏராளமாக இருந்தது. வாயு உண்டு, பெற்றோல் இல்லை!

இவ்விரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இயற்கை வாயுவில் பெரும்பகுதி மெதேன். ஒரு காபன் அணுவும் நான்கு ஐதரசன் அணுக்களும் கொண்டது. பெற்றோலின் மூலக்கூறுகளிலோ ஐந்து முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு வரை காபன் அணுக்கள் உண்டு. அப்படியாயின் மெதேனைச் சேர்த்துக் கோத்துவிடலாமே எனத் தோன்றும். ஆனால் மெதேன் எளிதில் இணங்குவதன்று. நான்கு ஐதரசனையும் அது மிக இறுக்கமாகப் பற்றியிருக்கிறது. ஒட்சிசனைச் சேர்த்து வற்புறுத்தினால், இடைவழியில் நில்லாது காபனீரொட்சைட்டும் நீருமாய் எரிந்துபோகின்றது.

இங்கேதான் சியோலைற்று துணைக்கு வருகின்றது. 1756இல் சுவீடன் நாட்டுக் குரொன்ஸ்தெத் என்பார் ஒரு கனியத்தைச் சூடாக்கியபோது அது நீராவி விட்டு நுரைத்தது. ஆகையால் கொதிக்கும் கல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அதற்குப் பெயரிட்டார். சிலிக்கன், அலுமினியம், ஒட்சிசன் ஆகியவற்றால் ஆன இக்கல்லினுள் ஒரே அளவான நுண்துளைகள் நிறைந்துள்ளன. மோபில் நிறுவனத்தார் செயற்கையாகச் செய்து 1972இல் காப்புரிமை பெற்ற இசட்.எஸ்.எம். 5 என்னும் வகையில் துளையின் அகலம், ஒரு மில்லிமீற்றரை இருபது இலட்சம் கூறாக்கினால் அதில் ஏறக்குறைய ஒரு கூறு. துளையின் உட்சுவரிலுள்ள அமிலத்தன்மை மூலக்கூறுகளைக் கோக்கின்றது; துளையின் அளவு, மிகப் பருத்தவை வெளியேறாதபடி அரிதட்டுப்போல் தடுக்கின்றது.

எனினும் மெதேன் நேரடியாக இதற்குள் சென்று பெற்றோலாகி வரவில்லை. நியூசிலாந்தின் மொட்டுனுயியில் 1985இல் இயங்கத் தொடங்கிய ஆலை, மெதேனை நீராவியுடன் சேர்த்துக் காபனோரொட்சைட்டும் ஐதரசனுமாக உடைத்தது; அவற்றிலிருந்து மெதனோல் செய்தது; அதன் பின்னரே சியோலைற்றின்மேல் செலுத்திப் பெற்றோல் பெற்றது. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான்! ஆயினும் நாட்டின் பெற்றோல் தேவையில் மூன்றிலொரு பங்கை அது நிறைவு செய்தது. 1986இல் உலக எண்ணெய் விலை சரிந்தது. சுற்றுவழியின் செலவு கண்ணை உறுத்தலாயிற்று. மெதனோலாகவே விற்பது இலாபமெனக் கண்டு, 1990களின் பிற்பகுதியில் பெற்றோல் உற்பத்தியைக் கைவிட்டனர்.

குழாய் எட்டாத எண்ணெய்க் கிணறுகளில் மெதேனை வீணே எரித்துவிடுகிறார்கள். அவ்விடங்களில் இத்தகைய பேராலை கட்ட இயலாது. ஒரே படியில் முடியும் வழி வேண்டும். 1993இல் சீனாவின் தாலியன் நகர ஆய்வாளர் அத்தகைய வழியொன்றைக் காட்டினர். மொலிப்டினம் ஏற்றிய அதே சியோலைற்றின்மேல், ஒட்சிசன் சேர்க்காமல், 700 பாகை சென்றிகிரேட் வெப்பத்தில் மெதேனைச் செலுத்த, பென்சீனும் ஐதரசனும் கிடைத்தன. ஆனால் அவ்வெப்பத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்களவே மாறக்கூடும். அது இரசாயனச் சமநிலை இட்ட எல்லை. உண்டாகும் ஐதரசனை அவ்வப்போது அகற்றினாலன்றி, எவ்வளவு சிறந்த ஊக்கியாலும் அதனைத் தாண்ட முடியாது. அதனினும் பெரிய தொல்லை கரி. சில மணி நேரத்திலேயே கரி படிந்து துளைகள் அடைபடுகின்றன. காற்றைச் செலுத்தி அக்கரியை எரித்தகற்றலாம். எரிக்கும்போது எழும் சூடும் நீராவியும் சியோலைற்றிலிருந்து அலுமினியத்தைச் சிறிது சிறிதாகப் பெயர்த்துவிடுகின்றன. இக்கரியை வெல்லும் முயற்சியே ஆய்வுகூடங்களில் தொடர்கின்றது. இவ்வழியில் இயங்கும் பேராலை எதுவும் இன்னும் எழவில்லை.