மேட்டில் தெரியும் குறை



விக்ரோலியில் நான் குடியிருக்கும் கட்டிடத்தில் வாடகைக் கார் ஓட்டும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். இளம் வயதிலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர். சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்ததும், பயணிகள் நால்வரை ஏற்றிக்கொண்டு லோனாவாலாவுக்குப் புறப்பட்டார். பன்வெல் வரை வண்டி பழுதின்றி ஓடியது. கோபோலியைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் திணறலாயிற்று. பின்னால் லாரிகள் ஒலி எழுப்ப, வண்டியை ஓரங்கட்டி நிறுத்த வேண்டியதாயிற்று.

மறுநாள் ஒரு பணிமனைக்குச் சென்று, "பிக்கப் நஹி ஹை" என்றார். "எஞ்சினைப் பிரித்தாக வேண்டும்" என்று விடை வந்தது. அதற்கான செலவைக் கேட்டுக் கலங்கி, வீட்டிலுள்ள வளையல்களை அடகு வைக்கும் யோசனையோடு என்னிடம் வந்தார்.

நான் மோட்டார் நிபுணன் அல்லேன்; மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளன். வண்டிகளைப் பராமரிப்பது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்க்கும் பணி முன்பொரு சமயம் என்னிடம் வந்தது. இன்று கூறப்போவதில் பெரும்பகுதி அப்போது கற்றதே. பல பொருள் தரும் சொல்லை, இன்ன பொருள் என்று தெளியாமல் மொழிபெயர்க்கலாகாது என்பது எங்கள் தொழிலின் முதற்பாடம். 'பிக்கப் இல்லை' என்பதும் அத்தகைய சொல்லே. அதனுள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

சமதரையில் தெரியாத குறை மேட்டில் மட்டும் தெரிவானேன்? ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள வண்டி, 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் உயரும் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறது என்று கொள்வோம். அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 16 குதிரைத்திறன் கூடுதலாகத் தேவை. சமதரையில் எஞ்சின் தன் ஆற்றலில் சிறு பகுதியையே செலவிடுகிறது. ஆகவே நலிந்த எஞ்சினும் நல்ல எஞ்சினாகவே தோன்றும். மலையோ முழு ஆற்றலையும் கேட்கிறது. குறையை மலை உண்டாக்குவதில்லை, வெளிப்படுத்துகிறது.

அதே மலையில் 1863-இல் திறக்கப்பட்ட ரயில் பாதை, 37 அடிக்கு ஓர் அடி என்ற செங்குத்தான ஏற்றம் கொண்டது. அதனாலன்றோ, சென்னை செல்லும் நம் வண்டிகளுக்குக் கர்ஜத் நிலையத்தில் பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின்களை இணைக்கும் வழக்கம் ஏற்பட்டது! சாலையில் செல்வோருக்கு அத்தகைய துணை இல்லை. தம் வண்டியின் நிலையைத் தாமே அறிந்திருத்தல் வேண்டும்.

வண்டி திணறும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: எஞ்சின் சுழற்சி கூடுகிறதா, இல்லையா?

எஞ்சின் இரைச்சல் ஏறியும் வண்டியின் வேகம் ஏறவில்லையென்றால், ஆற்றல் பிறக்கிறது, சக்கரத்தைச் சேரவில்லை என்று பொருள். அப்போது கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். கருகிய வாடை வந்தால் ஐயம் வலுப்படும். இதற்காக எஞ்சினைப் பிரிப்பது, கால்வலிக்குத் தலையில் மருந்திடுவதாகும்.

சுழற்சியே கூடவில்லையென்றால், எஞ்சினுக்கு உணவோ மூச்சோ குறைகிறது எனலாம். எரிபொருள் வடிகட்டி, எரிபொருள் பம்பு, காற்று வடிகட்டி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கரும்புகை வந்தால், எரிபொருளுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை என்று ஐயுறலாம். வேகம் கூடக் கூட மூச்சடைப்பதுபோல் இருந்தால், புகைபோக்கிக் குழாயில் அடைப்பு இருக்கலாம்.

விட்டு விட்டு உலுக்கினால், பொறி தரும் பிளக்குகளையும் அவற்றுக்கு மின்சாரம் தரும் சுருள்களையும் முதலில் பார்க்க வேண்டும். மும்பை வாடகை வண்டிகளில் மிகப்பல சி.என்.ஜி. வாயுவில் ஓடுபவை. வாயுவைப் பற்றவைக்கப் பெட்ரோலைக் காட்டிலும் வலிய பொறி தேவை. எனவே தேய்ந்த பிளக், பெட்ரோலில் மறைந்திருந்து வாயுவில் காட்டிக்கொடுக்கும். பொதுவாகவே வாயுவில் ஆற்றல் சற்றுக் குறையும் என்பதையும் நினைவிற்கொள்க.

வண்டி சமதரையில்கூடத் தானே உருள மறுத்து, ஒரு சக்கரம் மட்டும் மிகச் சூடாக இருந்தால், பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வெப்பமானி உயர்ந்தால் மேலே ஏற முயலாமல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட வேண்டும். சூடு தணியுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது.

உயரத்தின்மேல் பழி சொல்வோரும் உண்டு. டர்போ இல்லாத எஞ்சினுக்கு 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் ஆற்றல் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவது இயல்பு. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. லோனாவாலாவோ 620 மீட்டர் உயரந்தான். அங்கு வண்டி நின்றுபோகுமாயின், காற்றைக் குறை கூறிப் பயனில்லை.

இவையாவும் நன்றாக இருந்தால் மட்டுமே, சிலிண்டர்களின் அழுத்தத்தை அளவுமானி கொண்டு அளக்க வேண்டும். அந்த அளவைக் காணாமல் எஞ்சினைப் பிரிக்க இசைவது, நாடி பாராமல் அறுவைக்கு உடன்படுவது போன்றது.

அண்ணாச்சியிடம் இக்கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். மறுநாள் காலை, விக்ரோலி பார்க்சைட் மேட்டில் இருவருமாக வண்டியை ஏற்றிப் பார்த்தோம். வாயுவில் உலுக்கியது, பெட்ரோலுக்கு மாற்றியதும் சீராக ஏறியது. சுழற்சிக்கேற்ப வேகமும் கூடியது. கருகிய வாடை இல்லை. சக்கரங்களில் மிகுந்த சூடும் இல்லை. கண்டவற்றை நான்கு எளிய இந்தி வாக்கியங்களாக எழுதிக் கொடுத்தேன். வேறொரு மெக்கானிக் அதைப் படித்துவிட்டு முதலில் பிளக்குகளைக் கழற்றினார். அவை தேய்ந்திருந்தன. அவற்றையும் வாயு வடிகட்டியையும் மாற்றியதோடு வேலை முடிந்தது. அடுத்த வாரம் லோனாவாலாவிலிருந்து அண்ணாச்சி தொலைபேசியில் அழைத்தார். "சார், மேலே வந்துட்டேன்" என்ற ஒரு சொல்லே எனக்குப் போதுமானதாயிருந்தது. வளையல்களும் வீட்டிலேயே இருக்கின்றன.

பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு, குறையைச் சரியாகச் சொல்லத் தெரியாமையாலேயே பொருள் நட்டம் நேர்வதுண்டு. எப்போது திணறியது, எந்த எரிபொருளில், எந்தக் கியரில், சுழற்சி கூடியதா, புகையோ வாடையோ வந்ததா என்ற ஐந்தையும் குறித்துக்கொண்டு பணிமனைக்குச் செல்லுங்கள். கேள்வி தெளிவானால் விடையும் தெளிவாகும்.