மேதக் பேராலயம்: பஞ்சகாலக் கூலியும் விசுவாசமும்

ஐதராபாத்தின் குகட்பள்ளிப் பகுதியிலிருந்து பாலாநகர், நர்சாப்பூர் வழியாக வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சென்றால், வயல்களுக்கு மேலே சுமார் 175 அடி உயர்ந்து நிற்கும் மேதக் பேராலயத்தின் மணிக்கோபுரம் கண்ணில் படும். பேராலயம் என்பது ஒரு பேராயரின் இருக்கை அமைந்த ஆலயம். பேராயம் என்பது அவருடைய பொறுப்பிலுள்ள திருச்சபை வட்டாரம். இவ்வாலயம் 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் மேதக் பேராயத்தைச் சேர்ந்தது.

நிஜாம் ஆட்சிக் காலத்தில் இதை எழுப்பியவர், ஜான் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்ட் சபையின் ஆங்கிலேய ஊழியர் சார்லஸ் வாக்கர் பாஸ்னெட். பஞ்சத்தில் வாடிய சுற்றுவட்டார மக்களுக்கு இலவசமாக உணவளிப்பதைவிட, வேலை தந்து கூலியாகக் கொடுப்பதே அவர்களுடைய மானத்தைக் காக்கும் என்று கருதி அவர் இப்பணியைத் தொடங்கினார் என்று சபை வரலாறு கூறுகிறது. கூர்முனை வளைவுகளும் வானளாவிய கூரையும் கொண்ட கோத்திக் பாணியில், 200 அடி நீளமும் 100 அடி அகலமுமாகச் சுமார் பத்தாண்டுகள் வளர்ந்த கட்டடம் 1924 டிசம்பர் 25 அன்று அர்ப்பணிக்கப்பட்டது.

சோற்றுக்காகச் சேர்ந்தவர்கள் என்ற ஏளனம் இந்தியக் கிறிஸ்தவர்கள் மீது நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டு வருகிறது. இங்கு சபையில் இணைந்தோரில் பெரும்பாலோர் தீண்டாமையால் ஒதுக்கப்பட்ட மாலா, மாதிகா சமூகத்தினர் என்பதால் அந்த ஏளனம் இன்னும் கூர்மையாகிறது. ஆனால் அன்றாட அப்பத்துக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொன்ன ஒரு சமயத்தில் பசி எவ்வாறு தகுதிக்குறைவாகும்? வயிறு நிறைந்தவரின் விசுவாசம் மட்டுமே தூயது என்பது வசதி படைத்தோர் வகுத்த அளவுகோல். அவர்களும் மகனின் வேலைக்கும் மகளின் திருமணத்துக்கும்தானே நேர்ந்துகொள்கிறார்கள்! இங்கு வரும் யாத்திரிகர், அவர் எச்சமயத்தவராயினும், தம் வேண்டுதலையும் அந்தக் கூலியாட்களின் பசியையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது தகும்.

ஆலயத்தினுள், ஓவியர் பிராங்க் சாலிஸ்பரி வடிவமைத்த மூன்று வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் இயேசுவின் பிறப்பையும் சிலுவைப்பாட்டையும் விண்ணேற்றத்தையும் காட்டுகின்றன. வெளிச்சம் வெளியிலிருந்து ஊடுருவினால்தான் உள்ளே நிற்பவருக்கு அவ்வோவியங்கள் புலப்படும். ஆகவே குகட்பள்ளியிலிருந்து புறப்படுவோர், கிறிஸ்துமஸ் நெரிசல் இல்லாத ஒரு நாளில், பொழுது சாய்வதற்கு முன்பே அங்கு சென்று சேர்வது நல்லது.