வாசற்படியில் நிற்கும் பிள்ளைகள்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றதும் நம் கண்கள் மேல்நோக்கிச் செல்கின்றன. கோபுரத்துக்கு வர்ணம் பூசியாயிற்று. கெபிக்குப் புது விளக்குகள் போட்டாயிற்று. இவற்றைக் கண்டு மகிழ்வது முறையே. ஆனால் பீடத்தில் நின்று மக்களை நோக்கும் குருவின் கண்ணுக்கு வேறொரு காட்சியும் தெரியும். ஞாயிறு பூசையில், எல்லாருக்கும் பின்னால், கதவுக்கு வெளியே, வாசற்படியில் பத்துப் பதினைந்து பையன்கள் நிற்பார்கள். அவர்கள் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. பிரசங்கம் தொடங்கியதும் வேப்பமரத்தடிக்குப் போவார்கள். நன்மை வாங்கும் நேரத்தில் திரும்பி வருவார்கள். "இவனுகளை உள்ளே வெரட்டுங்க சாமி" என்று பெரியவர்கள் பலமுறை என்னிடம் சொன்னதுண்டு. விரட்டியும் பார்த்தேன். அடுத்த வாரம் அவர்கள் வாசற்படியிலும் இல்லை!

அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன். குமரப் பருவத்தைப் பற்றி உளநூல் அறிஞர்கள் கண்டறிந்தவற்றில், நம் குடும்பங்களுக்கும் பங்குக்கும் பயன்படக்கூடிய சிலவற்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

குமரப் பருவம்

10 வயதிலிருந்து 19 வயது வரை உள்ள காலத்தைக் குமரப் பருவம் என்று உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. உடல் வளர்வதை நாம் காண்கிறோம். சட்டை சிறுத்துப் போகிறது, குரல் உடைகிறது. உள்ளே நடப்பது நமக்குத் தெரிவதில்லை. ஏறத்தாழ 11, 12 வயதில், கண்முன் இல்லாதவற்றைப் பற்றியும் எண்ணிப் பார்க்கும் ஆற்றல் பிள்ளைக்கு வருகிறது என்று சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் பியாஜே விளக்கினார். "இப்படி இருக்கிறது" என்பதோடு நிற்காமல், "வேறு எப்படி இருக்கலாம்?" என்று மனம் கேட்கத் தொடங்குகிறது. நேற்றுவரை சொன்னதைக் கேட்ட பிள்ளை இன்று "ஏன்?" என்று கேட்பது பெரும்பாலும் இதனால்தான். அதை உடனே திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் பின்விளைவை எண்ணித் தன்னை அடக்கிக்கொள்ள உதவும் மூளையின் முன்பகுதி, ஏறக்குறைய 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. வேகம் முந்திக்கொள்கிறது, நிதானம் பிந்தி வருகிறது.

டேவிட் எல்கைண்ட் என்ற அமெரிக்க அறிஞர் 1967இல் மற்றொன்றைச் சுட்டிக் காட்டினார். இந்த வயதில் பிள்ளைக்கு, எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற எண்ணம் மேலோங்குகிறது. முகத்தில் ஒரு பரு வந்தால் ஊரே அதைப் பார்ப்பதாக நினைக்கிறது. இல்லாத கூட்டத்தின் முன் மேடையில் நிற்பது போன்ற நிலை இது. இன்று கைப்பேசி வந்தபின், அந்தக் கூட்டம் முற்றும் கற்பனையாகவும் இல்லை. ஒரு படத்தைப் போட்டுவிட்டு, எத்தனை பேர் விரும்பினார்கள் என்று நள்ளிரவு வரை எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

நான் யார்?

இந்தப் பருவத்தின் பெருங்கேள்வி "நான் யார்?" என்பதுதான் என்று சொன்னவர் எரிக் எரிக்சன். அவர் வாழ்க்கையே இக்கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1902இல் ஜெர்மனியில் பிறந்தார். தாயார் டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண்மணி. பெற்ற தந்தை யாரென்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. தாயை மணந்த மருத்துவரையே தம் தந்தையென நம்பி வளர்ந்தார். பொன்னிற முடியும் நீலக் கண்களுமாக உயர்ந்து வளர்ந்த அவரை, செபக்கூடத்தில் யூதச் சிறுவர்கள் அந்நியன் என்று கேலி செய்தார்கள். பள்ளியில் மற்றவர்களோ யூதன் என்று கேலி செய்தார்கள். 1939இல் அமெரிக்கக் குடிமகனானபோது எரிக்சன் என்ற குடும்பப் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். மனித வாழ்வை எட்டுப் படிகளாக வகுத்து, ஐந்தாம் படியில் குமரப் பருவத்தை வைத்த பேரறிஞர் அவர்.

அவர் கருத்தை மேலும் ஆராய்ந்த ஜேம்ஸ் மார்சியா, 1966இல் நான்கு நிலைகளைக் காட்டினார். சிலர் தேடுவதுமில்லை, முடிவு செய்வதுமில்லை. சிலர் தேடாமலே, பெரியோர் சொன்ன முடிவை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். சிலர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் தேடிப் பார்த்துத் தாமே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

நம் வீடுகளில் நமக்கு மிகவும் பிடித்தது இரண்டாம் நிலை. "நான் சொன்னதைப் படிக்கிறான், நல்ல பிள்ளை" என்கிறோம். நானும் 15 வயதில் சிறு குருமடம் சென்றவன். வீட்டார் விருப்பமும் பங்குச் சாமியார் விருப்பமுமே என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. இறையியல் படித்த காலத்தில், "இது என் விருப்பந்தானா?" என்ற கேள்வி என்னை ஓராண்டு உலுக்கியது. அப்போது என் ஆன்ம குரு கோபிக்கவில்லை. "கேட்டுப் பார், அவசரமில்லை" என்றார். அந்த ஓராண்டு இல்லாவிட்டால், நான் இன்று இங்கே குருவாக நிற்பேன் என்று சொல்ல முடியாது. எனவே தேடுகிற பிள்ளையைக் கண்டு அஞ்ச வேண்டாம். தேடவே இல்லாத பிள்ளையைப் பற்றித்தான் சற்று யோசிக்க வேண்டும்.

தன்மதிப்பும் தாழ்ச்சியும்

"தன்மதிப்பு என்கிறீர்களே சாமி, அது ஆங்காரம் அல்லவா?" என்று சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. தான் மற்றவரைவிட உயர்ந்தவன் என்று எண்ணுவது ஆங்காரம். தானும் மதிப்புள்ளவன் என்று அறிவது தன்மதிப்பு. தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பது என்று அவிலா நகர்ப் புனித தெரேசம்மாள் விளக்கினார். கடவுள் தம் சாயலாகப் படைத்த ஒருவன் தன்னை உதவாக்கரை என்று எண்ணுவது உண்மையும் அல்ல, தாழ்ச்சியும் அல்ல.

மோரிஸ் ரோசன்பர்க் என்பவர், நியூயார்க் மாநிலத்தில் 10 பள்ளிகளைச் சேர்ந்த 5,024 மாணவ மாணவியரை ஆராய்ந்து 1965இல் ஒரு நூல் வெளியிட்டார். மிகவும் எளிய செய்திகளையே அவர் கேட்டார். உன் நண்பர்களைப் பெற்றோருக்குத் தெரியுமா? மதிப்பெண் பட்டியல் கொண்டுபோனால் என்ன சொல்வார்கள்? சாப்பாட்டு மேசையில் நீ பேசுவதைக் கேட்பார்களா? பெற்றோர் அக்கறை காட்டிய பிள்ளைகளிடம் தன்மதிப்பு மிகுந்திருந்தது. இது வியப்பன்று. வியப்பு என்னவென்றால், திட்டிய பெற்றோரின் பிள்ளைகளைவிட, கண்டுகொள்ளாத பெற்றோரின் பிள்ளைகளே தன்மதிப்பில் தாழ்ந்திருந்தார்கள்! திட்டுவது நல்லதென்று இதற்குப் பொருளல்ல. திட்டுபவர்கூடப் பட்டியலைப் பார்க்கிறார். கண்டுகொள்ளாதவர் பார்ப்பதே இல்லை.

இங்கே என் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த ஞாயிறன்று, பூசை முடிவில் மதிப்பெண்களை வாசித்தேன். முதல் மூவருக்குப் பரிசு கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தேறாத ஒருவனைப் பற்றி, "மணி அடிப்பதில் மட்டும் இவன் முதல் வகுப்பு" என்று வேடிக்கையாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் ஆறு ஆண்டுகள் பீடச் சிறுவனாக இருந்தவன். மழையானாலும் பனியானாலும் காலைப் பூசைக்கு எனக்கு முன்பாக வந்து நிற்பவன். மறுநாள் அவன் வரவில்லை. அவன் தாய் வந்து, "தப்பா நெனைக்காதீங்க சாமி, அவன் இனிமே வரமாட்டானாம்" என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குப் போனேன். நான் முன்வாசலில் நுழைய, அவன் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். அந்தப் பங்கை விட்டு மாற்றலாகும் வரை அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய்க்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் கோவிலிலும் மதிப்பெண் வாசிப்பதில்லை.

அப்படியானால் எப்போதும் புகழ்ந்துகொண்டே இருக்க வேண்டுமா? அதுவும் அல்ல. 2003இல் ராய் பவுமைஸ்டரும் அவர் தோழர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, தன்மதிப்பை ஊட்டிவிட்டால் மட்டும் படிப்பு உயர்ந்துவிடாது என்று காட்டினார்கள். பிள்ளைக்கு வேண்டியது வெறும் முகத்துதியன்று. உண்மையாகவே ஒன்றைச் செய்ய முடிந்தது என்ற அனுபவம்.

புனித தொன் போஸ்கோ இதை நூல் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1841 டிசம்பர் 8ஆம் நாள், தூரின் நகரில் ஒரு கோவிலின் பூசையுடை அறையில், பர்த்தொலொமேயோ கரெல்லி என்ற அனாதைப் பையனைச் சந்தித்தார். பூசைக்கு உதவத் தெரியாத அவனைக் கோவில் பணியாளர் அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்தார். எழுதத் தெரியுமா, படிக்கத் தெரியுமா என்ற கேள்விகளுக்கெல்லாம் இல்லை என்றே அவன் விடை சொன்னான். கடைசியில், "சீட்டி அடிக்கத் தெரியுமா?" என்று கேட்டதும் பையன் சிரித்துவிட்டான் என்று சலேசியர் வழிவழியாகச் சொல்வார்கள். தெரியாதவற்றின் பட்டியலை மூடிவைத்து, தெரிந்த ஒன்றைத் தேடினார் அந்தக் குரு. அந்த ஒரு பையனிலிருந்து தொடங்கியதுதான் இன்று உலகெங்கும் பரவியிருக்கும் சலேசிய இளைஞர் பணி.

நாங்களும் அவர்களும்

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். "நான் யார்?" என்ற கேள்விக்குப் பிள்ளை தனியாக விடை காண்பதில்லை, ஒரு கூட்டத்தோடு சேர்ந்துதான் காண்கிறது. ஹென்றி டாஜ்ஃபெல் என்பவர் போலந்து நாட்டு யூதர். 1919இல் பிறந்தவர். உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் கைதியானார். போர் முடிந்து திரும்பியபோது அவருடைய குடும்பத்தார் ஏறக்குறைய அனைவரும் கொல்லப்பட்டிருந்தார்கள். மனிதர் ஏன் இப்படிப் பிரிந்து பகைக்கிறார்கள் என்பதே அவருடைய ஆய்வாயிற்று.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், 14, 15 வயதுள்ள 64 பள்ளி மாணவர்களைக் கொண்டு அவர் செய்த சோதனையை 1970இல் வெளியிட்டார். திரையில் காட்டிய புள்ளிகள் எத்தனை என்று மாணவர்கள் மதிப்பிட வேண்டும். பிறகு, "நீ கூடுதலாக மதிப்பிடும் குழு", "நீ குறைவாக மதிப்பிடும் குழு" என்று சொல்லிப் பிரித்தார்கள். உண்மையில் அந்தப் பிரிவினைக்கு எந்த அடிப்படையும் இல்லை. பின்னர், மற்ற மாணவருக்குச் சிறு தொகைகளைப் பங்கிடச் சொன்னார்கள். பங்கிடுபவனுக்கு அதில் ஒரு காசும் கிடையாது. இருந்தும் பெரும்பாலோர் தம் குழுவுக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். வேறு 48 பேரிடம் நடத்திய மற்றொரு சோதனையில், அடுத்த குழுவைவிடத் தாங்கள் மேலே இருந்தால் போதும் என்று, தம் குழுவுக்கு வரக்கூடிய தொகையையே குறைத்துக்கொள்ளவும் பிள்ளைகள் தயங்கவில்லை.

புள்ளிகளை எண்ணியதற்கே இப்படியென்றால், தெருவின் பேரிலும் சாதியின் பேரிலும் நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பிரிவினை என்ன செய்யாது? நம் பங்கில் மேலத்தெருப் பையன்களுக்கு ஒரு பந்தாட்டக் குழு, கீழத்தெருப் பையன்களுக்கு ஒரு குழு. தெருவுக்கொரு கொடி, தெருவுக்கொரு சட்டை. போன திருவிழாவில் கைகலப்பு வந்தது நமக்குத் தெரியும். பையன்களைக் கூப்பிட்டுக் கண்டித்தோம். அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் யார் என்று நம்மை நாமே கேட்டோமா? தன்மதிப்புக்கு வேறு வழி தெரியாத பிள்ளைக்கு, மற்றொருவனைத் தாழ்த்துவது எளிய வழியாகத் தோன்றும். கிறிஸ்துவுக்குள் இத்தகைய வேற்றுமைகளுக்கு இடமில்லை என்று புனித சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதினார். அதைக் கோவிலில் வாசிக்கிறோம், தெருவில் மறந்துவிடுகிறோம்.

இதற்கு மருந்தும் உண்டு. 1954இல் முசாபர் ஷெரிஃப் என்பவர், அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்தில், 11, 12 வயதுச் சிறுவர் 22 பேரை இரு அணிகளாக்கி முகாம் நடத்தினார். போட்டிகள் வைத்ததும் பகை மூண்டது. சேர்ந்து உண்ணவும் படம் பார்க்கவும் வைத்தார், பகை தணியவில்லை. பிறகு இரு அணியும் சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலைகளைக் கொடுத்தார். தண்ணீர்க் குழாய் அடைப்பைச் சேர்ந்து தேடினார்கள். நின்றுபோன வண்டியைச் சேர்ந்து இழுத்தார்கள். முன்பு ஒருவரையொருவர் எதிர்த்து வடம் இழுத்த அதே கயிற்றால் இழுத்தார்கள்! இப்படிச் சில நாட்கள் சென்றபின் பகை தணிந்தது. நம் தேர்வடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவால் மட்டும் அந்தத் தேர் நகராது.

என் வேண்டுகோள்

பெற்றோர்களே, பன்னிரண்டு வயதில் இயேசு பாலனும் யெருசலேம் ஆலயத்தில் தங்கிவிட்டார். மரியன்னையும் சூசையப்பரும் மூன்றாம் நாள் அவரைக் கண்டார்கள். அவர் சொன்ன விடை அவர்களுக்கு விளங்கவில்லை என்று புனித லூக்காஸ் ஒளிக்காமல் எழுதுகிறார். விளங்காததைத் தாய் தம் உள்ளத்தில் வைத்துக் காத்தாள். மகனும் அவர்களோடு நாசரேத் திரும்பி, பணிந்து வளர்ந்தார். திருக்குடும்பத்திலேயே விளங்காத நாள் ஒன்று உண்டென்றால், நம் வீட்டில் இராதா?

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறேன். ஒன்று: நாள்தோறும் ஒரு வேளையாவது, கைப்பேசியைத் தள்ளிவைத்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மகனிடம் கேட்பதை மகளிடமும் கேளுங்கள். அமைதியாக இருக்கிறாள் என்பதால் அவளுக்குக் கேள்வி இல்லை என்று எண்ணாதீர்கள். இரண்டு: மற்ற பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவதை விட்டுவிடுங்கள். மூன்று: இப்பொன்விழாவில் தெருவுக்கொரு குழு வேண்டாம். பந்தல், ஒலிபெருக்கி, தேர், அன்னதானம் ஆகிய நான்கு பொறுப்புகளிலும் எல்லாத் தெரு இளைஞரும் கலந்து நிற்கட்டும். கணக்கையும் அவர்களே எழுதட்டும். தவறினால் நானே பொறுப்பு.

வாசற்படியில் நிற்கும் தம்பிகளே, இனி உங்களை விரட்டமாட்டேன். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் நானே வாசற்படிக்கு வருகிறேன். உங்களில் யாருக்கு என்ன தெரியும் என்று கேட்கப் போகிறேன். சீட்டி அடிக்கத் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

ஆண்டவர் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!